மூழ்குவோர் கையிலுள்ள கணிப்பொறி

மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் எடுத்து வாழ்ந்தோர் நெடுங்காலமாகக் கடலுக்குக் கொண்டு சென்ற கருவிகள் மிகச் சிலவே. விரைந்து இறங்குவதற்கு ஒரு கல், படகில் நிற்பவர் பிடித்திருப்பதற்கு ஒரு கயிறு, எடுத்ததைச் சேர்ப்பதற்கு ஒரு வலைப்பை ஆகிய இவற்றுடன் மூச்சை அடக்கி மூழ்கி, ஒரு நிமிஷம் அல்லது சற்று மிகுதியாக அடியில் இருந்து மீண்டனர். தூத்துக்குடிக்கு அப்பாலுள்ள முத்துப் பார்கள் ஏறத்தாழ 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடப்பவை. 1955 முதல் 1961 வரை அங்கு நடைபெற்ற முத்துச் சலாபங்களோடு முத்தெடுக்கும் தொழில் நின்றுபோயிற்று. சங்கு குளிக்கும் தொழில் நிற்கவில்லை.

பிற்காலத்தில் இத்தொழிலில் ஒரு மாறுதல் புகுந்தது. படகில் வைத்த எஞ்சினால் காற்றை அமுக்கி, நீண்ட குழாய் வழியே அதை வாயில் பெற்றுக்கொண்டு, மணிக்கணக்கில் அடியில் தங்கும் வழக்கம் சங்கு குளிப்போரிடையே பரவலாயிற்று. மூச்சு முட்டவில்லை, சங்கும் கூடுதலாகக் கிடைத்தது. ஆயினும் கரை திரும்பியபின் சிலருக்குத் தோளிலும் முழங்காலிலும் தாங்கவொண்ணாத வலி கண்டது. சிலருக்குக் கால்கள் மரத்துப்போய் எழுந்து நடக்க இயலாமற் போயிற்று. ஆழம் பழைய ஆழமே. மூழ்கியவரும் பழைய தொழிலாளியே. மாறியது அடியில் தங்கிய நேரம் ஒன்றுதான்.

ஆழத்தையும் நேரத்தையும் இணைத்து, எப்பொழுது எவ்வளவு மெதுவாக மேலே வரலாம் என்று கணக்கிட்டுச் சொல்லும் கருவியே டைவ் கம்ப்யூட்டர் எனப்படும் மூழ்குக் கணிப்பொறி. கைக்கடிகாரம்போல் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளத் தக்கது. கடலாராய்ச்சி நிலையங்களின் ஊழியரும் கடலடித் தொல்பொருள் ஆய்வாளரும் இன்று இதை அணிந்தே இறங்குகின்றனர். இக்கருவியைப் பற்றிப் பலரும் கொண்டுள்ள எண்ணம் ஒன்றை முதலிலேயே திருத்திக்கொள்வது நலம். அணிந்தவர் உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் சேர்ந்துள்ளது என்பதை இது அளப்பதில்லை. இது அளப்பவை முக்கியமாக இரண்டே: சுற்றியுள்ள நீரின் அழுத்தமும் கழிந்த நேரமும். மற்றவையெல்லாம் கணக்கு. அக்கணக்கு எத்தகையது என்று அறியாதவர் கருவியைத் தேர்ந்தெடுக்கவும் இயலாது, அது காட்டும் எண்ணை மதிப்பிடவும் இயலாது.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு அட்மாஸ்பியர் அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் 4 அட்மாஸ்பியர். அங்கே சுவாசிக்கும் காற்றும் அதே அழுத்தத்தில் இருக்குமாதலால், காற்றில் ஐந்தில் நான்கு பங்காகிய நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் மிகுதியாகக் கரைகிறது. விரைந்து மேலேறினால், மூடி திறந்த சோடாப் புட்டியில் நிகழ்வதுபோல், கரைந்த வாயு குமிழிகளாக வெளிப்படும். இதுவே அழுத்தக் குறைவு நோய். பாலங்களுக்கு அடித்தளம் இட அமுக்கக் காற்று அறைகளில் வேலை செய்தோரிடம் முன்பு கண்டமையால் இதற்குக் கெய்சன் நோய் என்ற பெயரும் உண்டு. நைட்ரஜன் குமிழிகளே இதற்குக் காரணம் என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானி பால் பெர் 1878இல் வெளியிட்ட தம் பெருநூலில் விளக்கினார்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். சென்னையிலுள்ள தேசியக் கடல்தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000 என்னும் கலம் மூவரை 6000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டு செல்லும் நோக்கமுடையது. 30 மீட்டரிலேயே இத்தனை தொல்லை என்றால் அவர்கள் கதி என்ன? அவர்களுக்கு இத்தொல்லை இல்லை. 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டேனியம் கோளத்துக்குள் கரையிலுள்ள அழுத்தமே நிலவும். ஆழத்தின் அழுத்தத்தைக் கோளம் தாங்கிக்கொள்கிறது. மூழ்குபவருக்கு அத்தகைய சுவர் இல்லை.

எவ்வளவு வாயு கரைகிறது, எவ்வளவு விரைவில் வெளியேறுகிறது என்பதை முதன்முதலில் பயன்தரும் கணக்காக்கியவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, பாய்காட், டேமன்ட் என்பவர்களுடன் சேர்ந்து 1908இல் தம் முடிவுகளை வெளியிட்டார். 1906இல் ஸ்காட்லாந்துக் கடலில் நடந்த சோதனைகளின்போது அவருடைய பதின்மூன்று வயது மகனும் மூழ்குடை அணிந்து இறங்கினான். உடை பொருந்தாமையால் நீர் உட்புகுந்தது. அச்சிறுவனே பின்னர் உயிரியல் உலகில் பெரும்புகழ் எய்தி, 1957இல் இந்தியாவுக்குக் குடிவந்து, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்த ஜே. பி. எஸ். ஹால்டேன். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அவரும் அழுத்த அறைக்குள் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டு முதுகெலும்பிலும் செவிப்பறையிலும் ஊறுபட்டவர்.

மூத்த ஹால்டேனின் கணக்கை உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் விளக்க முடியும். உடம்பை, வாயுவை வெவ்வேறு வேகத்தில் ஏற்கும் சில பகுதிகளாக அவர் கற்பனை செய்தார். ரத்தம் மிகுதியாகப் பாயும் பகுதி விரைவில் நிரம்பும். கொழுப்பு மிகுந்தது தாமதமாக நிரம்பும். ஒரு பகுதி நிரம்ப வேண்டியதில் பாதியளவு நிரம்புவதற்கு ஆகும் நேரம் அதன் அரைக்காலம். அவர் 5, 10, 20, 40, 75 நிமிஷங்கள் என ஐந்து அரைக்காலங்களைக் கொண்டார். கதிரியக்கப் பொருள்களின் அரைவாழ்வைக் கற்பிக்கும் ஆசிரியர், அதே கரும்பலகையில் இதையும் எழுதிக் காட்டலாம்.

கரையில் நைட்ரஜனின் பங்கு அழுத்தம் 0.79 அட்மாஸ்பியர். 30 மீட்டரில் அது 3.16. வேறுபாடு 2.37. அரைக்காலம் 20 நிமிஷமான பகுதியில் முதல் 20 நிமிஷத்தில் வேறுபாட்டின் பாதி சேர, அளவு 1.98 ஆகிறது, 40 நிமிஷத்தில் 2.57, ஒரு மணி நேரத்தில் 2.86. அழுத்தம் பாதியாகக் குறைவதை உடம்பு பொறுக்கும் என்பது ஹால்டேனின் முடிவு. அதன்படி, கரைக்கு நேரே வரத் தக்க உச்ச அளவு 1.58. ஆகவே 20 நிமிஷம் தங்கியவரும் நேரே மேலே வரலாகாது. வழியில் ஓரிடத்தில் நின்று வாயுவை வெளியேற்றிவிட்டே வரவேண்டும். இவ்வாறு நிற்பதைத் தங்கல் என்று குறிப்பிடலாம். விரைவில் நிரம்பும் பகுதிகள் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தைவிடக் கூடுதலாகப் பொறுக்கும் என்பதும், மெதுவாக நிரம்புபவை அவ்வளவு பொறா என்பதும் பிற்கால ஆராய்ச்சியில் தெரியவந்தன. ஜூரிச் நகரில் ஆராய்ந்த ஆல்பர்ட் பியூல்மன் பதினாறு பகுதிகளைக் கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி உச்ச வரம்பு வகுத்தார். அவற்றுள் மிக மெதுவானதன் அரைக்காலம் நைட்ரஜனுக்கு 635 நிமிஷம், அதாவது பத்தரை மணி நேரத்துக்கும் மேல். தொடர்ந்து ஐந்தாறு நாள் மூழ்குபவரின் உடம்பில் முதல்நாள் மிச்சம் ஏன் தங்கியிருக்கிறது என்பது இந்த ஓர் எண்ணாலேயே விளங்கும்.

கணக்கைக் கருவியிலேயே அமைக்கும் முயற்சி 1959இல் இத்தாலியில் தொடங்கிற்று. நுண்துளைப் பீங்கான் வழியே ஒரு பையிலிருந்து வாயு மெல்லக் கசிவதை உடம்புக்கு உவமையாகக் கொண்ட அந்த மானி, ஒரே திசுவைப் போல மட்டும் நடந்துகொண்டமையால் நம்பத் தக்கதாக இல்லை. மின்னணுக் கணிப்பொறிகள் 1983 முதல் கடைக்கு வந்தன. பியூல்மன் கணக்கு அச்சிட்டு வெளியாகி யாவரும் அறியக் கிடைப்பதால் இன்றைய கருவிகள் பலவற்றின் உள்ளே அதுவே இயங்குகிறது.

இனித் தொழில்நுட்ப மூழ்கல். 1990களின் தொடக்கத்தில் வழங்கலான இச்சொல், நேரே மேலேற இயலாதபடி தங்கல்கள் கட்டாயமாகும் மூழ்கலையும், ஹீலியம் முதலிய வாயுக் கலவைகளைக் கொண்டு ஆழம் செல்வதையும் குறிக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பவளப் பாறைகளை ஆராய்வதற்கு இது வேண்டியதே இல்லை. அவை ஆழமற்ற நீரில் உள்ளன. பூம்புகாருக்கு அப்பால் தேசியக் கடலியல் நிறுவனத்தார் 1990களின் தொடக்கத்தில் கட்டுமானம் போன்ற ஒன்றை ஆராய்ந்த இடமும் ஏறத்தாழ 23 மீட்டர் ஆழமே. இத்தகைய பணிகளுக்கு எளிய கணிப்பொறி போதுமானது. உரிய பயிற்சி இன்றி, கருவியின் துணையால் மட்டும் மேலும் ஆழம் செல்ல முயல்வது தகாது.

தொழில்நுட்ப மூழ்கலுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் மட்டக்களப்புக்குச் செல்லவேண்டும். விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டு வடிவமைக்கப்பட்ட முதற் கப்பலாகிய பிரிட்டிஷ் கடற்படையின் ஹெர்மிஸ், 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்களால் தாக்குண்டு மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. இன்று அது ஏறக்குறைய 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அங்கு அழுத்தம் 6.3 அட்மாஸ்பியர். சாதாரணக் காற்றையே சுவாசித்தால் நைட்ரஜனின் பங்கு ஐந்து அட்மாஸ்பியரை நெருங்கும். மது அருந்தியவர்போல் அறிவு மயங்கும். எனவே 21 சதவீதம் பிராணவாயு, 35 சதவீதம் ஹீலியம், எஞ்சியது நைட்ரஜன் ஆகிய ட்ரைமிக்ஸ் கலவையைக் கொள்ளலாம். அப்பொழுது நைட்ரஜனின் பங்கு 2.8 அட்மாஸ்பியர் அளவாகி, மயக்கம் காற்றோடு 25 மீட்டரில் இருப்பவருக்கு உள்ளது போலவே இருக்கும். ஏறும் வழியில் 21 மீட்டரில் 50 சதவீதப் பிராணவாயுவுள்ள சிலிண்டருக்கும், 6 மீட்டரில் தூய பிராணவாயுவுக்கும் மாறுவர். அடியில் தங்கியதைவிட ஏறுவதற்கே நேரம் மிகுதியாகும்.

இத்தகைய மூழ்கலுக்கு உரிய கணிப்பொறி எப்படிப்பட்டதாக இருக்கவேண்டும்? முதலாவது, அதன் கணக்கு முறை வெளிப்படையாக இருக்கவேண்டும். உற்பத்தியாளர் தம் சொந்தச் சூத்திரம் என்று மறைத்து வைத்த கணக்கைக் கரையில் வேறொரு முறையால் சரிபார்க்க வழியில்லை. இரண்டாவது, எச்சரிக்கை அளவை அணிபவரே மாற்றத் தக்கதாக இருக்கவேண்டும். இதற்கு உதவுவதே 1990களில் எரிக் பேக்கர் வகுத்த கிரேடியன்ட் ஃபாக்டர் என்னும் சதவீத முறை. வயலில் வரப்பின் விளிம்புவரை நீர் கட்டுவோரும் உண்டு, நாலு விரல் கீழேயே நிறுத்திக்கொள்வோரும் உண்டு. பியூல்மன் வகுத்த உச்ச வரம்பு வரப்பின் விளிம்பு. சுற்றியுள்ள அழுத்தத்துக்கும் அந்த விளிம்புக்கும் இடையேயுள்ள தூரத்தில் எத்தனை சதவீதம்வரை செல்ல அனுமதிப்பது என்பதே இந்த எண். கருவியில் இரண்டு எண்கள் இடப்படும். 30/70 என்று இட்டால், முதல் தங்கல் 30 சதவீதத்தை ஒட்டி அமையும். நீர்மட்டத்துக்கு வரும்போது 70 சதவீதத்துக்கு மேற்படாது.

முதல் எண்ணை மிகவும் தாழ்த்திவிட்டால் நன்மை பெருகும் என்று ஒரு காலத்தில் பலர் நம்பினர். ஆழத்திலேயே தங்கல்களைத் தொடங்கினால் குமிழிகள் தோன்றா என்பது அவர்கள் வாதம். அமெரிக்கக் கடற்படையின் சோதனைப் பிரிவு 2011இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதை மறுத்தது. மொத்தத் தங்கல் நேரத்தை மாற்றாது, ஒரு குழுவினருக்கு ஆழமான தங்கல்களையும் மற்றொன்றுக்கு ஆழமற்ற தங்கல்களையும் வைத்துப் பார்த்ததில், ஆழமாகத் தங்கியவரிடையேதான் நோய் மிகுதியாகக் கண்டது. அடியில் தயங்கி நிற்கும்போது மெதுவான பகுதிகள் மேலும் நிரம்பிக்கொண்டிருந்தன என்பதே விளக்கம். முதல் எண்ணைத் தாழ்த்துவதை எச்சரிக்கை என்று கருதிய பழக்கம் இதனால் தளர்ந்தது.

மூன்றாவது, குறைந்தது மூன்று நான்கு வாயுக் கலவைகளை, ஹீலியம் உட்பட, ஏற்கத் தக்கதாக இருக்கவேண்டும். நான்காவது பலரும் கவனியாதது. பொழுதுபோக்காக மூழ்குவோருக்கென்று செய்த சில கருவிகள், ஒரு தங்கலைத் தவறவிட்டால் பிழை என்று காட்டிவிட்டு ஒருநாள் அல்லது இரண்டு நாள் கணக்கிட மறுத்துவிடும். தவறு செய்த மாணவனை வகுப்பைவிட்டு வெளியேற்றும் ஆசிரியரைப் போன்றது இது. மிகவும் உதவி தேவைப்படும் நேரத்தில் வாய் மூடும் கருவி தொழில்நுட்ப மூழ்கலுக்கு ஆகாது. கலங்கிய நீரில் தெளிவாகத் தெரியும் எழுத்து, கையுறையோடு அழுத்தக்கூடிய பொத்தான், எளிதில் மாற்றத் தக்க மின்கலம் ஆகியவையும் விலையைவிட முக்கியமானவை. சிலிண்டரின் அழுத்தத்தை வானொலி அலையால் வாங்கிக் காட்டும் வசதி இருப்பின் நன்றே. எனினும் அதை நம்பி அழுத்தமானியைக் கழற்றிவிடலாகாது.

கருவி ஒன்று போதாது. ஒரே கணக்கும் ஒரே சதவீத எண்களும் இட்ட இரண்டு கருவிகளும், அவை இரண்டுமே நின்றுவிட்டால் பார்ப்பதற்கு நீரில் நனையாத அட்டையில் எழுதிய அட்டவணையும் வேண்டும். வெவ்வேறு கணக்குடைய இரு கருவிகளை அணிந்தவர், ஒன்று ஏறு என்றும் மற்றொன்று நில் என்றும் சொல்லும்போது திகைத்து நிற்பர்.

விபத்துக்குக் கருவி பழுதாவதைக் காட்டிலும், கருவிக்குச் சொன்னதும் வாயில் உள்ளதும் வேறாகிவிடுவதே பெரிய காரணமாகலாம். 21 மீட்டரில் 50 சதவீதக் கலவைக்கு மாறுவதாகப் பொத்தானை அழுத்திவிட்டு, தவறுதலாகத் தூய பிராணவாயுவின் குழாயை வாயில் கவ்வினால் அதன் அழுத்தம் 3.1 அட்மாஸ்பியர் ஆகிவிடும். பாதுகாப்பான உச்சம் 1.6. வலிப்பு கண்டு, நீருக்குள்ளேயே வாயிலுள்ள குழாய் நழுவும். கணிப்பொறி அப்பொழுதும் எல்லாம் சரியென்றே காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு சிலிண்டரிலும் அதைப் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆழத்தைப் பெரிய எண்ணில் எழுதி ஒட்டுவதும், மாறுமுன் துணைவரிடம் காட்டுவதும், பிறகே பொத்தானை அழுத்துவதும் முறை. கையில் இல்லாத கலவைகளை முன்கூட்டியே கருவியிலிருந்து நீக்கிவிடவேண்டும். இல்லையேல் அவையும் உள்ளன என்று எண்ணி அது ஏறும் நேரத்தைக் குறைத்துக் காட்டும்.

காற்று எவ்வளவு போதும் என்பதையும் மூழ்குபவரே கணக்கிட வேண்டும். நீர்மட்டத்தில் நிமிஷத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர் 53 மீட்டரில் 126 லிட்டர் செலவிடுவார். 200 அட்மாஸ்பியர் நிரப்பிய 12 லிட்டர் சிலிண்டர் ஒன்று அங்கே 19 நிமிஷத்தில் தீர்ந்துபோகும். தங்கல்களுக்கு எதுவும் மிஞ்சாது.

ஆராய்ச்சி நிலையங்களில் ஒரு கருவியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் சிக்கனம்போல் தோன்றும். காலையில் ஒருவர் அணிந்ததை மாலையில் மற்றொருவர் அணிந்தால், காலையில் மூழ்கியவரின் உடம்பை இவருடையதாகக் கருவி கணக்கிடும். காலையில் கருவியின்றி மூழ்கிவிட்டு மாலையில் அலமாரியிலிருந்து எடுத்து அணிவது இதனினும் தீது. அதன் கணக்கில் இவர் அன்று கரையிலேயே இருந்தவர். ஒருவருக்கு ஒரு கருவி, அத்தொகுதி முடியும்வரை அவரிடமே என்பது நிலையத்தின் விதியாக இருக்கவேண்டும். அன்றாடம் நன்னீரில் அலசி, படகின் வெயிலில் கிடக்கவிடாது வைத்தல் நலம். அழுத்தத்தை உணரும் சிறு துளையில் உப்புப் படிந்தால் ஆழமே தவறாகக் காட்டும்.

வெப்பத்தால் நீர்வற்றிய உடம்பு, அடியில் பட்ட உழைப்பு, வயது, பருமன், முந்திய இரவின் உறக்கமின்மை ஆகிய எவையும் கணக்கில் ஏறுவதில்லை. அவற்றுக்காகச் சதவீத எண்ணைக் குறைத்துக்கொள்வது அணிபவரின் பொறுப்பு. மூழ்கிய மறுநாள் கொடைக்கானலுக்கு உல்லாசப் பயணம் போவதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 2000 மீட்டருக்கு மேற்பட்ட அம்மலையில் காற்றழுத்தம் குறைவு. தங்கல்களோடு கூடிய மூழ்கலுக்குப்பின் ஒரு முழு நாளேனும் கழியாமல் மலையேறுவதும் விமானம் ஏறுவதும் கூடாது.

குழாய்க் காற்றால் சங்கு குளிப்போருக்கு இக்கருவியின் விலை எட்டாததாக இருக்கலாம். கணக்கு அவர்களுக்கும் எட்டக்கூடியதே. பழைய அமெரிக்கக் கடற்படை அட்டவணை, 18 மீட்டரில் ஒரு மணி நேரம் இருந்தவரை நேரே மேலேற விட்டது. 30 மீட்டரில் 25 நிமிஷமே. 18 மீட்டரில் மூன்று மணி நேரம் இருந்தவர் 3 மீட்டரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தங்கவேண்டும் என்றது. இன்றைய அட்டவணைகள் பல இதனினும் கடுமையானவை. மூன்று மீட்டருக்கு ஒரு முடிச்சாகக் கட்டிய கயிறும், படகில் ஒரு கடிகாரமும், நேரம் பார்த்துக் கயிற்றை இழுத்துக் குறிகாட்ட ஓர் ஆளும் இருந்தால் இதை நடைமுறையில் கொள்ள இயலும். நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல் விரையாமல் ஏறுவதையும் அதே கயிறு காட்டும். கரையோரச் சிற்றூர்களில் பணிபுரியும் மீன்துறை ஊழியர் ஒரு மாலையில் இதைக் கற்பித்துவிடலாம்.

வலி கண்டவரை மீண்டும் கடலில் இறக்கினால் வலி தணிவதைக் கண்ட மூழ்குவோர் பல நாடுகளிலும் அதையே மருந்தாகக் கொண்டுள்ளனர். தணிவது உண்மைதான், அழுத்தம் கூடக் குமிழி சுருங்குகிறது. ஆனால் அங்கே மேலும் நைட்ரஜன் ஏறுகிறது; கால் மரத்தவர் நீருக்குள் மூர்ச்சையாகவும் கூடும். அவரைப் படுக்க வைத்து, கிடைக்கும் மிகத் தூய பிராணவாயுவை முகமூடி வழியே இடைவிடாது அளித்து, நினைவோடு இருப்பின் நீர் பருகச் செய்து, அழுத்த அறையுள்ள மருத்துவமனைக்குத் தாமதமின்றிக் கொண்டு செல்லவேண்டும். அத்தகைய அறை எங்குள்ளது, அதன் தொலைபேசி எண் என்ன என்பதைப் படகு புறப்படுமுன்பே குறித்து வைத்திருக்கவேண்டும். கூடவே அவர் அணிந்திருந்த கணிப்பொறியையும் அனுப்புதல் வேண்டும். எந்த ஆழத்தில் எத்தனை நிமிஷம் இருந்தார், எவ்வளவு விரைவில் ஏறினார் என்பதை மருத்துவர் அதிலிருந்து படித்துக்கொள்வார்.